நீருக்கடி உணரிகள்: தரவு மோத வழிவிடும் தவறுகள்

தரையில் ஓடும் வானொலி வலையமைப்பின் அமைவுகளை அப்படியே தண்ணீருக்குள் இறக்குவதிலிருந்துதான் பெரும்பாலான மோதல்கள் (இரண்டு செய்திகள் ஒரே நேரத்தில் வந்து ஒன்றையொன்று கெடுப்பது) தொடங்குகின்றன. நீருக்குள் உணரிகள் ஒலியால் பேசுகின்றன. வெதுவெதுப்பான நன்னீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர்தான் போகும். இரணைமடுக் குளத்தில் 1500 மீற்றர் இடைவெளியில் இரண்டு உணரிகளை வைத்தால், ஒன்றின் ஒலி மற்றதை எட்ட முழுதாக 1 செக்கன் எடுக்கும்.

முதல் தவறு, "யாரும் அனுப்பவில்லை" என்று கேட்டுப் பார்த்துவிட்டு அனுப்புவது. 64 பைற்றுப் பொதி (ஒரு தடவையில் அனுப்பும் தரவுத் துண்டு), செக்கனுக்கு 1000 பிற்று வேகத்தில், ஏறத்தாழ 0.5 செக்கனில் அனுப்பி முடிந்துவிடும். அதன் முதல் ஒலி அடுத்த உணரிக்குக் கேட்பதே அதற்குப் பிறகுதான். அமைதி என்று நம்பி அதுவும் அனுப்ப, இரண்டும், உணரிகளின் தரவைச் சேகரிக்கும் மிதவையில் மோதும். ஒவ்வொன்றுக்கும் தனி நேரக்கூறு, அதாவது அது மட்டும் அனுப்பும் நேரம், கொடுங்கள்: பயணம் 1, பொதி 0.5, அடுத்ததோடு முட்டாமல் விடும் காப்பு இடைவெளி 0.2, மொத்தம் 1.7 செக்கன்.

இந்த 0.2 ஐத் தின்பது மணிக்கூடு. மணிக்கூட்டை ஓட்டும் மலிவான பளிங்கு அலையாக்கி மில்லியனுக்கு 20 பங்கு பிசகும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் 40. சுமார் 83 நிமிடத்தில் காப்பு முழுதும் போய்விடும். காலையில் சீராக ஓடியது மத்தியானம் குழம்பினால் மணிக்கூட்டைத்தான் முதலில் பார்க்கவேண்டும். மணிக்கு ஒருமுறையாவது நேரத்தைச் சரிசெய்யுங்கள். அப்போது செய்தி வந்த பயண நேரத்தையும் சேர்க்க மறந்தால், தூரத்து உணரி எப்போதும் 1 செக்கன் பிந்தியே நிற்கும்.

மிக மோசமானது அவசரப்பட்டு மறுபடி அனுப்புவது. போக 1, வர 1, பொதி 0.5, "கிடைத்தது" என்ற பதில் 0.1, மொடெம் (உணரியின் ஒலியை அனுப்பிக் கேட்கும் கருவி) அனுப்புதலிலிருந்து கேட்டலுக்கு மாறச் சிறிது நேரம். 3 செக்கனுக்குக் குறையாமல் காத்திருக்கவேண்டும். 1 செக்கன் என்று வைத்தால், பதில் வருமுன்னரே உணரி மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். பெரும்பாலான மொடெம்களுக்கு அனுப்பும்போது கேட்காது. அந்நேரம் பதில் வந்தால் அது தவறும், மீண்டும் அனுப்பும், பக்கத்து உணரியின் நேரமும் கெடும். பொதிக்கொரு பதில் வேண்டாம். எல்லா உணரிகளும் ஒருமுறை அனுப்பிய சுற்று முடிவில் வராதவற்றின் பட்டியலை மிதவை ஒரே செய்தியாக அனுப்புவதே நல்லது.

ஒலி வலுவைத் தேவைக்கு மேல் கூட்டாதீர்கள். சம்பந்தமில்லாத உணரிகளையும் அது குழப்பும். எஞ்சின் படகு போகும்போது தொலையும் பொதி மோதலால் தொலைவதல்ல, இரைச்சலால். படகு கடக்கும்வரை பொறுத்து அனுப்பவேண்டும். ஆடி, ஆவணியில் குளம் வற்றும்போது அடியிலும் மேற்பரப்பிலும் பட்டு வரும் எதிரொலி மாறும். காப்பு இடைவெளியை அப்போது புதிதாக அளந்து வையுங்கள்.