முன்தோல் நீக்கமும் வைரல் லோடும்: எச்.ஐ.வி. உள்ள ஆண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்தோலை நீக்கினால் எச்.ஐ.வி.யிலிருந்து 60 சதவீதம் பாதுகாப்பு என்ற கணக்கைத் தொற்று உள்ளவரும் தனக்கென்று எடுத்துக்கொள்கிறார். முதல் தவறு இதுதான். தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டாவில் நடந்து 2005-லும் 2007-லும் வெளியான ஆய்வுகளில் அந்தப் பலன் தெரிந்தது தொற்று இல்லாத ஆண்களிடம். முன்தோலின் உட்புறத்தில் வைரஸ் எளிதில் பற்றும் நோயெதிர்ப்புச் செல்கள் அதிகம். அந்த வாசல் அடைபடுகிறது, அவ்வளவே. ஏற்கெனவே தொற்று உள்ளவரின் ரத்தத்திலும் விந்திலும் இருக்கும் வைரஸுக்கும் இந்த அறுவைக்கும் சம்பந்தமில்லை. உகாண்டாவின் ராக்காய் பகுதியில் தொற்றுள்ள ஆண்களிடம் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், அவர்களின் மனைவிமாருக்குப் பாதுகாப்பு எதுவும் கிடைக்கவில்லை.

இரண்டாவது தவறுதான் ஆபத்தானது: புண் ஆறுமுன் உடலுறவு. முதல் சில வாரங்கள் காயத்திலிருந்தே வைரஸ் கசியும். ரத்தத்தில் வைரல் லோடு, அதாவது வைரஸின் எண்ணிக்கை, எவ்வளவு அதிகமோ, கசிவுக்கு அவ்வளவு வாய்ப்பு. பத்து நாளில் வலி போய்விடும், தோலும் ஒட்டியதுபோல் தெரியும். அதை நம்பக் கூடாது. குறைந்தது 6 வாரம் பொறுக்க வேண்டும், சுயஇன்பத்தையும் சேர்த்துத்தான். 6 வாரம் கழிந்தும் தையல் கோட்டில் ஈரமோ பிளவோ இருந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டு இன்னும் காத்திருங்கள். அதன் பிறகும் ஆணுறை வேண்டும்.

முன்தோல் இறுக்கம் போன்ற காரணத்துக்காக அறுவை தேவைப்பட்டு, அவசரமும் இல்லையென்றால், ஏ.ஆர்.டி. எனும் எச்.ஐ.வி. கட்டுப்பாட்டு மாத்திரையைத் தொடங்கி வைரல் லோடு இறங்கிய பின் செய்துகொள்வது நல்லது. நாள் குறித்துவிட்டு மருந்தை யோசிப்பது தலைகீழ் வேலை. அறுவை நாளன்றும் ஏ.ஆர்.டி.யை விடாதீர்கள். எச்.ஐ.வி. சிகிச்சையில் சேர்த்துத் தரப்படும் ரிட்டோனாவிர், கோபிசிஸ்டாட் மருந்துகளை எடுப்பவர் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சில ஸ்டீராய்டுகள் அவற்றோடு சேர்ந்தால் உடலில் அளவு மீறித் தேங்கும். டோலுடெக்ராவிர் என்ற ஏ.ஆர்.டி. மருந்தை எடுப்பவர் அன்டாசிட் (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து) குடிப்பதாக இருந்தால், அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ மாத்திரையைப் போட வேண்டும். இல்லாவிட்டால் மருந்து சரியாக உடலில் சேராது.

ரிப்போர்ட்டைப் படிப்பதிலும் தடுமாற்றம் உண்டு. வைரல் லோடு 40 இருந்தது 110 ஆனதும் பதறுவார்கள். மூன்று மடங்குக்குள் ஏறி இறங்குவது பரிசோதனையின் இயல்பாகவே இருக்கலாம். 1000-ஐத் தாண்டினால் விஷயம் வேறு: மாத்திரை தவறுகிறதா என்று பார்த்துச் சரிசெய்து, பொதுவாக 3 மாதத்தில் மறுபரிசோதனை. சி.டி.4 எனும் நோயெதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை நன்றாக இருப்பதை வைத்து வைரல் லோடு குறைவென்று முடிவுகட்டுவதும் தவறே. வைரல் லோடு ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 200-க்குக் கீழ் நிலைத்திருந்து, மாத்திரையும் தவறாதிருந்தால் உடலுறவு வழியே எச்.ஐ.வி. பரவுவதில்லை. சிபிலிஸ், கொனோரியா போன்ற பால்வினை நோய்களுக்கு இந்த எண் பொருந்தாது; அதனால் ஆணுறை அப்போதும் வேண்டும்.