சொந்த மரத்தை அறுக்க நகரும் ரம்ப மில்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

நகரும் மில் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எஞ்சின் எத்தனை ஹெச்.பி. என்பதைத்தான். அதற்கு முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போங்கள். எத்தனை கன அடி மரம் நிற்கிறது என்று தெரியாமல் எந்த மில்லும் மலிவா, விலை அதிகமா என்று சொல்ல முடியாது.

கணக்கு ஊர் வழக்கப்படிதான். சுற்றளவில் கால் பங்கை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்க வேண்டும். நாலடிச் சுற்றும் பத்தடி நீளமும் உள்ள கட்டை 10 கன அடி வரும். மில் விலை 3 லட்சம், உங்கள் ஊர் அறுப்புக் கூலி கன அடிக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். போட்ட பணம் திரும்ப 5,000 கன அடி அறுக்க வேண்டும். அப்படிப்பட்ட கட்டை 500! பெட்ரோல், பிளேடு, ஆள் கூலி எதையும் இன்னும் சேர்க்கவில்லை. வரப்போரம் நாற்பது தேக்கு வைத்திருப்பவருக்கு இது கட்டுப்படியாகாது. மில்லுக்குக் கட்டை ஏற்றிப் போகும் வண்டி வாடகையைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான்.

விலைக்கு முன் இன்னொன்று. 1996 டிசம்பர் முதல், காடுகளைக் காப்பது தொடர்பான கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளால் ரம்ப மில்லுக்கு வனத்துறை உரிமம் கட்டாயமாகியிருக்கிறது. ‘இது சக்கரம் வைத்த சின்ன மெஷின், உரிமம் வேண்டாம்’ என்று விற்பவர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். மாவட்ட வன அலுவலகத்தில் மனுக் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். மரத்தை வெட்டவும் வண்டியில் ஏற்றவும் அனுமதி வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். விவசாய இலவச மின் இணைப்பில் மோட்டார் மில் ஓட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த இணைப்பு விவசாய வேலைக்குத்தான்.

மரம் குறைவாக இருந்தால் செயின் ரம்பத்தில் மாட்டும் இரும்புச் சட்டம் போதும். ஆனால் ரம்பம் குறைந்தது 70 சிசி, இரண்டடி அகலக் கட்டைக்கு 90 சிசி வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 58 சிசி ரம்பம் கிளை வெட்டத்தான் லாயக்கு. நீளவாக்கில் அறுக்கும்போது எஞ்சின் முழு வேகத்தில் நிற்காமல் ஓடும். சின்ன எஞ்சினில் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். சட்டம் மாட்டினால் பாரில், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டில், நாலு இன்ச் போய்விடும் என்பதால் 24 இன்ச் பாரில் 20 இன்ச் கட்டைதான் அறுக்க முடியும். செயினும் வேறு. குறுக்கே வெட்டும் செயினின் பல் 30 டிகிரி சாய்வில் இருக்கும். நீளவாக்குக்கு அதை 10 டிகிரிக்கு அராவ வேண்டும், இல்லாவிட்டால் பலகை முழுக்க வரிவரியாகக் கீறல் விழும்.

செயின் ரம்பத்தின் பெரிய நஷ்டம் தூள். ஒவ்வொரு அறுப்புக்கும் ஏறக்குறைய மூன்று நூல், அதாவது 9 மி.மீ. மரம் தூளாகிப் போகும். மெல்லிய பிளேடு வளையமாகச் சுற்றி ஓடும் பட்டை ரம்பத்தில் (பேண்ட் சா) 2 மி.மீ.தான், ஒரு நூல்கூட இல்லை. 12 இன்ச் சதுரக் கட்டையில் ஓர் இன்ச் பலகை எடுத்தால் செயினில் 9 வரும், பட்டையில் 11 வரும். தேக்கில் அந்த இரண்டு பலகையின் விலையைப் போட்டுப் பாருங்கள்.

பட்டை ரம்ப மில்தான் என்று முடிவானால், பளபளக்கும் எஞ்சினை விட்டுவிட்டு, ரம்பம் நகர்ந்து ஓடும் தண்டவாளத்தைப் பாருங்கள். மலிவு மெஷினில் விற்பவர்கள் மிச்சம் பிடிக்கும் இடம் அதுதான். இரு முனைக்கும் நூல் கட்டி, நடுவில் தொய்வோ இணைப்பில் படியோ இருக்கிறதா என்று பாருங்கள். பிளேடுக்கும் கட்டை கிடக்கும் படுக்கைக்கும் உள்ள உயரத்தை இரு ஓரத்திலும் அளந்தால் அரை நூலுக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. பிளேடைத் தாங்கும் வழிகாட்டி உருளை ஒன்றாவது கட்டையின் அகலத்துக்கு ஏற்ப நகர வேண்டும். அசையாத உருளை உள்ள மில்லில் சின்னக் கட்டை அறுத்தாலும் பிளேடு நடுவில் ஆடும். பிளேடு சுற்றி ஓடும் சக்கரம் 19 இன்ச் இருந்தால் நல்லது. சக்கரம் சின்னதானால் பிளேடு அதிகம் வளைந்து, மழுங்குவதற்கு முன்பே விரிசல் விடும்.

எஞ்சின் விஷயத்தில் 9 ஹெச்.பி. போதும், மெதுவாகத் தள்ளும் பொறுமை இருந்தால். புளி, வேம்பு, வைரம் பாய்ந்த பலா அகலமாக அறுக்க வேண்டுமானால் 13, 14 ஹெச்.பி. பாருங்கள். விளம்பரத்தில் சொல்லும் ‘கட்டை விட்டம்’ வேறு, பிளேடு அறுக்கும் அகலம் வேறு. இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள்.

பணம் கட்டும் முன் உங்கள் கட்டை ஒன்றையே கொண்டுபோய் அறுக்கச் சொல்லுங்கள். பத்தடிப் பலகையை ஐந்து இடத்தில் அளந்தால் கனம் அரை நூலுக்குள் இருக்க வேண்டும். கணு வரும் இடத்தில் பலகை மேடேறி இறங்கினால் பிளேடு மழுங்கியிருக்கிறது, அல்லது இறுக்கம் போதவில்லை. பிளேடு சூடேறி நீள்வதால் ஐந்து நிமிட அறுப்புக்குப் பின் ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தூள் பலகையில் அப்பிக்கொண்டு வந்தால் பல்லின் செட், அதாவது பற்கள் இரு பக்கமும் விலகி நிற்கும் அளவு, குறைவு. தொடக்கத்திலிருந்தே ஒரே பக்கமாக இறங்கினால் உருளை சாய்ந்திருக்கலாம், அல்லது செட் ஒரு பக்கம் கூடியிருக்கலாம்.

பிளேடு அடிக்கடி வரும் செலவு. ஒன்றேகால் இன்ச் அகலமும் முன்பக்கம் 10 டிகிரி சாய்ந்த பல்லும் நம் கெட்டி மரங்களுக்கு ஒத்துவரும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சாணை பிடிக்க வேண்டியிருப்பதால் பத்துப் பிளேடாவது கையிருப்பு வையுங்கள். அந்த நீளப் பிளேடை வெல்டிங் வைத்துச் சாணை பிடித்துத் தரும் பட்டறை பக்கத்தில் இருக்கிறதா என்பதையும் மில் வாங்கும் முன்பே விசாரியுங்கள். வேலை முடிந்ததும் இறுக்கத்தைத் தளர்த்தி வைத்தால் பிளேடு நாள்படும்.

பிளேடைத் தின்பது மரத்தைவிட மண்ணும் ஆணியும்தான். மரப்பட்டையில் ஒட்டிய மண்ணைச் செதுக்கிவிட்டுக் கட்டையை ஏற்றுங்கள். வேலியோர மரத்தில் முள்கம்பி உள்ளே வளர்ந்து மூடியிருக்கும். வெட்டு முகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். கையடக்க மெட்டல் டிடெக்டர் ஒரு பிளேடு மிச்சமானாலே பயன்தான். பலாப் பால் பிளேடில் பிசுபிசுக்காமல் இருக்க, சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தென்னையில் வெளிச்சுற்று சாதாரணப் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும், கார்பைடு முனை வைத்த பிளேடு இல்லாமல் இறங்க வேண்டாம்.

அறுத்த பலகையை அன்றே அடுக்குங்கள். தரையிலிருந்து ஓரடி உயரம், இடையிடையே ஓர் இன்ச் குச்சி, குச்சிக்குக் குச்சி ஒன்றரை அடி, குச்சிகள் மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில். வெட்டு முனைகளில் பெயின்ட் பூசினால் வெடிப்பு குறையும்.