மெத்தில் ஓலியேட்டில் ஹைட்ரஜன் ஏற்றுவது: சூட்டைக் கூட்டும் முன் கலக்கியைப் பாருங்கள்

தாவர எண்ணெயிலிருந்து கிடைக்கும் எஸ்டர்களில் கைபழக ஏற்றது மெத்தில் ஓலியேட். மூலக்கூறுக்கு ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு. அது நிரம்பினால் மெத்தில் ஸ்டியரேட். ஆனால் ஹைட்ரஜன் விளையாட்டுப் பொருள் அல்ல. ஆய்வுக்கூடத்தில், ஃப்யூம் ஹூடுக்குள் (ஆவியை வெளியே இழுக்கும் கண்ணாடிப் பெட்டி), அனுபவமுள்ளவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

முதலில் கணக்கு. 10 கிராம் எஸ்டர் என்பது சுமார் 0.034 மோல். அதற்கு அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 0.83 லிட்டர் ஹைட்ரஜன் வேண்டும். குடுவையோடு இணைக்கும் பலூனில் அதைப்போல் இரண்டு மடங்கு இருக்கட்டும்.

எஸ்டரை 50 மி.லி. எத்தில் அசிடேட்டில் கரைத்துத் தனியே வையுங்கள். குடுவையில் நைட்ரஜனை நிரப்பி, வினையூக்கியான 5 சதவீதப் பல்லேடியம்-கார்பன் (கார்பன் மீது பல்லேடியம் படிந்த கருப்புப் பொடி) 0.5 கிராம் போட்டு, நைட்ரஜன் ஓடும்போதே கரைசலை ஊற்றுங்கள். இந்த வரிசையை மாற்றவே கூடாது: காற்றும் கரைப்பான் ஆவியும் இருக்கும் இடத்தில் காய்ந்த பொடி விழுந்தால் தீப்பிடிக்கலாம். அப்புறம் வெற்றிடம், ஹைட்ரஜன் என்று மாறிமாறி மூன்று முறை.

இனி கலக்குவது. வேகம் போதவில்லை என்றதும் பலரும் சூட்டைத்தான் கூட்டுகிறார்கள். ஹைட்ரஜன் திரவத்தில் மிகக் குறைவாகவே கரையும். அது கரைந்து வினையூக்கியின் பரப்பைத் தொட்டால்தான் வேலை நடக்கும். கருப்புப் பொடி அடியில் படிந்து கிடந்தால் சூடு என்ன செய்யும்? பரப்பில் ஹைட்ரஜன் போதாமல் சூடு மட்டும் ஏறினால், பாதி வினைபுரிந்த மூலக்கூறு பின்வாங்கி டிரான்ஸ் வடிவத்துக்கு (இரட்டைப் பிணைப்பு அப்படியே இருக்க, அதன் இரு பக்கச் சங்கிலிகளும் எதிரெதிராக நிற்கும் வடிவம்) மாறவும் செய்யும். அதனால் நடுவில் சுழி விழுந்து, பொடி முழுக்கத் திரவத்தில் மிதக்கும்வரை கலக்கியின் வேகத்தைக் கூட்டுங்கள். கூட்டக் கூட்ட ஹைட்ரஜன் செலவு ஏறுகிறதா? தடை அங்கேதான் இருந்தது. ஏறவில்லையா? சரி, அடுத்த முறை வினையூக்கியை 0.7 கிராமாக்கிப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும்.

இரண்டுமே பலிக்காவிட்டால் எஸ்டரைச் சந்தேகியுங்கள். மிச்சமிருக்கும் சோப்பு, கந்தகம், பாஸ்பரஸ் எல்லாம் வினையூக்கியை முடக்கும்.

முடிந்ததா என்று பார்க்க, ஊசியால் கொஞ்சம் எடுத்து வடிகட்டி, குளிர்ந்த கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள். கரைப்பான் ஆவியானதும் எண்ணெயாகவே நின்றால் இன்னும் பாக்கி. ஸ்டியரேட் 38 டிகிரி அளவில்தான் உருகும் என்பதால் வெள்ளையாக உறைந்துவிடும். இது கண்ணளவுதான். அயோடின் எண் (மிச்சமிருக்கும் இரட்டைப் பிணைப்பின் அளவு) சுமார் 86-லிருந்து பூஜ்யத்துக்கு அருகே வந்திருந்தால்தான் உறுதி.

ஹைட்ரஜனை நைட்ரஜனால் வெளியேற்றிவிட்டு, செலைட் என்ற வடிகட்டும் பொடி வழியாக வடிகட்டுங்கள். வடிதாளில் தங்கும் கருப்பு அடை காய்ந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். ஈரம் போகும் முன் தண்ணீரில் போட்டு, பெயர் எழுதிய ஜாடியில் மூடி வையுங்கள்.