திருவொற்றியூர் மாடியிலிருந்து மணலி தெரிந்தால் மட்டும் லிங்க் நிற்காது

வடசென்னையில் மாடிக்கு மாடி வயர்லெஸ் லிங்க் போடும் வேலைக்குப் புதுப் பசங்க நிறைய வருகிறார்கள். குடோன், எடைமேடை, கன்டெய்னர் யார்டு என்று எல்லா இடத்திலும் கேமராவைத் தூரத்து ஆபீஸிலிருந்து பார்க்க வேண்டும் என்கிறார்கள். 2018இல் 5 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதி வந்தது. கருவிகளும் இப்போது கைக்கெட்டும் விலையில் கிடைக்கின்றன. ஆனால் எங்கள் ஆட்கள் பணத்தைத் தொலைத்துக் கற்றதை இவர்களும் அதே விலை கொடுத்துக் கற்பதைப் பார்த்தால் பொறுக்கவில்லை. பாஸ்வேர்டு மாற்றாதது, கிளாம்ப் முடுக்காதது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒரு நாளில் தானாகத் தெரிந்துவிடும்.

"கண்ணுக்கு நல்லா தெரியுதுண்ணா"

அதிகச் செலவு வைக்கும் வாக்கியம் இதுதான். இன்றும் இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

ரேடியோ அலை நூல் பிடித்ததுபோல் ஒரே கோட்டில் போவதில்லை. இரண்டு டிஷ்களுக்கும் நடுவே அது பருத்து, மத்தியில் அகலமாகி, மறுமுனையில் மறுபடி ஒடுங்குகிறது. அந்தப் பகுதிக்கு ஃபிரெனெல் மண்டலம் என்று பெயர். நட்டநடுவில் அதன் ஆரத்தைக் கண்டுபிடிப்பது எளிது. கிலோமீட்டரில் உள்ள தூரத்தை ஜிகாஹெர்ட்ஸால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 8.66ஆல் பெருக்கினால் மீட்டரில் விடை வரும். 4 கிலோமீட்டர் லிங்க், 5.8 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் சுமார் 7.2 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது 4.3 மீட்டர், பார்வைக் கோட்டுக்குக் கீழே காலியாக இருக்க வேண்டும். பைனாகுலரில் எதிர் மாடி தெரிகிறது என்பதை வைத்து இந்த 4.3 மீட்டர் இருக்கிறதா என்று சொல்ல முடியாது.

நம் பகுதியில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. குறுக்கே நிற்கும் தடை இங்கே வளரும். திருவொற்றியூர் பக்கத்து ஆபீஸுக்கும் மணலி எடைமேடைக்கும் ஒரு தம்பி லிங்க் போட்டார். சர்வே எடுத்தது ஞாயிற்றுக்கிழமை மதியம். நடுவில் இருந்த யார்டு பாதி காலி, சிக்னல் அருமை. சில வாரம் கழித்துச் சாயங்காலமானால் படம் உறைய ஆரம்பித்தது. ரேடியோவை மாற்றினார், கேபிளை மாற்றினார், அடுத்து இரண்டு முனையிலும் பெரிய டிஷ் வாங்கினார். எல்லாம் வாடிக்கையாளர் பணம். என்னைக் கூப்பிட்டபோது மாடியில் நின்று பார்த்தேன். யார்டில் பெட்டிகள் ஐந்தடுக்குக்கு ஏறியிருந்தன.

கணக்கைப் பாருங்கள். உயரமான ரகக் கன்டெய்னர் ஒன்று 2.9 மீட்டர். ஐந்தடுக்கு என்றால் 14.5 மீட்டர். அதன்மேல் 4.3 மீட்டர் இடைவெளி, பூமியின் வளைவுக்குக் கொஞ்சம். ஆகப் பாதை நடுவில் 19 மீட்டர் உயரத்தில் போக வேண்டும். மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி 10 மீட்டர் என்றால், இரு முனையிலும் 9 மீட்டர் கம்பமும், அதை இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பியும் தேவை. பெட்டியின் உச்சி பார்வைக் கோட்டைத் தொட்டாலே சிக்னலில் சுமார் 6 டெசிபல், அதாவது முக்கால் பங்கு, போகும். நடுவழியில் கோட்டுக்கு மேல் 3 மீட்டர் எழுந்தால் 11 டெசிபல் அளவுக்குப் போகும். பல வரிசையாக அடுக்கியிருந்தால் இன்னும் மோசம். பெரிய டிஷ் சில டெசிபலை மீட்டுத் தரலாம். நாளை ஆறாவது அடுக்கு ஏறினால் அதுவும் போகும்.

அதனால் யார்டு மேற்பார்வையாளரிடம் போய், "அண்ணே, அதிகபட்சம் எத்தனை அடுக்கு வைப்பீங்க?" என்று கேளுங்கள். இன்று எத்தனை இருக்கிறது என்பது முக்கியமில்லை. வேலை நாளின் சாயங்காலத்தில் இன்னொரு முறை பாருங்கள். யார்டு ஒரு முனைக்கு அருகில் இருந்தால் பெரும்பாலும் அந்த முனையை உயர்த்தினால் போதும். அந்தத் தம்பிக்கு, யார்டைச் சுற்றிப் போகும்படி வேறொரு மாடியில் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் இடைநிலை ஒன்று போட்டுக் கொடுத்தோம். முதலிலேயே செய்திருந்தால் மாற்றிய ரேடியோ, கேபிள், டிஷ் செலவெல்லாம் மிச்சமாகியிருக்கும்.

உப்புக் காற்று

காசிமேடு, எர்ணாவூர், கத்திவாக்கம் பக்கம் சாதாரண நட்டு போல்ட் சீக்கிரமே துருவேறி இறுகிவிடும், டிஷ்ஷைத் திருப்ப முடியாது. கடலோரத்தில் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகும் கறைபடும், 316 வாங்குங்கள். கேபிள் வெயில் தாங்கும் வெளிப்புற உறையுள்ளதாக இருக்கட்டும். ரேடியோவுக்குள் நுழையுமுன் கேபிளைக் கீழே ஒரு வளைவு விடுங்கள், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

அகலமான சேனல்

80 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் வேகம் என்று நினைக்கிறார்கள். 20க்குக் குறைத்தால் இரைச்சல் 6 டெசிபல் இறங்கும், பக்கத்து மாடிக்காரரின் லிங்க்கோடு மோதலும் குறையும். எட்டு கேமராவுக்கு ஆளுக்கு 4 எம்பிபிஎஸ் என்றாலும் மொத்தம் 32தான்.

காற்று

வர்தா புயல், 2016 டிசம்பர் 12. அன்று எந்தக் கம்பம் நின்றது, எது மடிந்தது என்று உங்கள் தெருப் பெரியவர்களைக் கேளுங்கள். பிறகு டிஷ் அளவைத் தேர்ந்தெடுங்கள்.

பிஓஇ

நெட்வொர்க் கேபிள் வழியாகவே ரேடியோவுக்கு மின்சாரம் கொடுப்பதுதான் பிஓஇ. 24 வோல்ட் ரேடியோவில் 48 வோல்ட் அடாப்டரை மாட்டிப் பார்க்க வேண்டாம்.

தண்ணீர் மேல் போகும் லிங்க்

எண்ணூர் கழிமுகத்தைத் தாண்டும் பாதைகளில் கம்பத்தை உயர்த்திக்கொண்டே போவது தீர்வல்ல. தண்ணீரில் பட்டுத் திரும்பும் அலை நேரடி அலையோடு எதிர்க்கட்டத்தில், அதாவது ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழும்படி, சேர்ந்தால் சிக்னல் குழியாக விழும். நீர்மட்டம் ஏறி இறங்க அந்தக் குழியும் இடம் மாறும். மேலே சொன்ன 60 சதவீத இடைவெளி கிடைத்ததும், ஒரு முனையின் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, நாள் முழுக்க சிக்னல் அளவைப் பதிந்து பாருங்கள். முடிந்தால் கரையோரக் கட்டடத்தின் விளிம்பு, தண்ணீரிலிருந்து வரும் அலையை மறைக்கும்படி டிஷ்ஷை மாடியில் உள்தள்ளி வையுங்கள்.