குளிர் கீழிருந்துதான் ஏறும்: மலைவீட்டில் விருந்தாளிக்குப் படுக்கை போடும்போது நாம் செய்யும் தவறுகள்

போன தை மாதம் மதுரையிலிருந்து அத்தையும் மாமாவும் குன்னூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அத்தைக்குக் கட்டில் ஆகாது, தரைதான் பழக்கம். மொசைக் தரையில் ஒரு இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டு, வீட்டிலிருந்த கம்பளி, ரஜாய் எல்லாவற்றையும் அவர் மேல் அடுக்கிவிட்டு நிம்மதியாகப் போய்ப் படுத்தேன். காலையில் காபி கொடுக்கும்போது கேட்டால், “மேலுக்கு வேர்க்குதுடி. முதுகு மட்டும் ஐஸ்கட்டி மேல கிடந்த மாதிரி இருந்துச்சு” என்கிறார்.

இத்தனை வருஷம் மலையில் இருந்தும் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நம் உடம்பு எப்போதோ குளிருக்குப் பழகிவிட்டது. அந்த உடம்பை வைத்தே வருகிறவர்களின் குளிரையும் அளந்துவிடுகிறோம்.

கம்பளி தானாகச் சூடு தருவதில்லை. அதன் இழைகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. மேலே போர்த்தியது உப்பலாக இருக்கும், வேலை செய்யும். கீழே இருக்கும் பஞ்சோ படுத்தவர் எடையில் நசுங்கிவிடும். காற்றுக்கு அங்கே இடமில்லை. மொசைக்கும் சிமெண்டும் ராத்திரி முழுக்க சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே தரையில் முதலில் கோரைப்பாய், அதன் மேல் நாலாக மடித்த ஜமுக்காளம், பிறகு மெத்தை. மெத்தைக்கும் விரிப்புக்கும் இடையில் ஒரு கம்பளி. வீட்டில் மூன்று கம்பளிதான் இருக்கிறது என்றால் இரண்டு மேலே, ஒன்று கீழே. அன்று ராத்திரி இப்படிப் போட்டதும் அத்தை ரஜாயை உதறித் தள்ளிவிட்டுத் தூங்கினார். கட்டில் என்றாலும் மெல்லிய மெத்தைக்கு அடியில் கம்பளி ஒன்று வேண்டும். கட்டிலை வெளிச்சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். அரை அடியாவது தள்ளியிருக்கட்டும். அந்தச் சுவரில்தான் ஈரம் கசியும்.

ஈரம் என்றதும் அடுத்த தவறு. விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் நமக்குப் பீரோவிலும் பரண்மேலும் இருக்கும் கம்பளி ஞாபகம் வரும். ஆறு மாதம் மடித்துக் கிடந்த கம்பளி இந்த ஊரில் ஈரத்தைக் குடித்திருக்கும். தொட்டால் தெரியாது, போர்த்தினால் தெரியும். பூஞ்சை வாடை வேறு. இரண்டு நாள் முன்பே எடுத்து, காலை பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை வெயிலில் போட்டு, மஞ்சு இறங்குவதற்குள் உள்ளே எடுத்துவிடுங்கள். “சாயங்காலம் எடுத்துக்கலாம்” என்று விட்டால் காயவைத்ததே வீண். ஆடி மழையில் வெயிலுக்கு எங்கே போவது? சமையலறையில் அடுப்பு எரியும் நேரத்தில், தீ படாத தூரத்தில், கொடி கட்டி விரித்துப்போடுவேன். படுக்கும் முன் விரிப்பையும் தலையணை உறையையும் ஒருமுறை இஸ்திரி போட்டால் சிலுசிலுப்பு போய்விடும்.

அந்துருண்டை போட்டு வைத்த கம்பளி என்றால் காற்றாடப் போடாமல் கொடுக்கவே கூடாது. நாற்றம் மட்டும் அல்ல பிரச்சினை. ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும் குழந்தைகளுக்கு அந்த நாப்தலின் நெடியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு அந்துருண்டை படாத போர்வையாகப் பார்த்துக் கொடுங்கள்.

இனி சொல்லப்போவது சாதாரணத் தவறு இல்லை, உயிர் போகும் விஷயம். “பாவம், குளிர்ல நடுங்குறாங்க” என்று இரும்புச் சட்டியில் கரியைக் கனியவிட்டு, படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்துவது. புகை இல்லையே, தணல்தானே என்று தோன்றும். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். லேசான தலைவலி, மயக்கம், தூக்கம். தூங்குகிறவருக்கு அதுகூடத் தெரியாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சுற்றுலா வந்தவர்கள் இப்படி அறைக்குள்ளேயே இறந்துபோன செய்தியைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். புகைபோக்கி உள்ள பழைய பங்களாவின் கணப்பு வேறு, கரிச்சட்டி வேறு. முற்றத்தில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்ந்துவிட்டு, சட்டியை வெளியிலேயே விட்டு வாருங்கள். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தாலும் இதே ஆபத்துதான். சிலிண்டரும் கீசரும் வெளியே இருக்கட்டும், குளியலறை ஜன்னல் திறந்திருக்கட்டும்.

ரூம் ஹீட்டர் நல்லதுதான், பிளக் பாயிண்டைப் பார்க்க வேண்டும். 2000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். ரேடியோவுக்குப் போட்ட சின்ன பிளக்கில், அதுவும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நான் ஒருமுறை பார்த்துவிட்டேன். பாக்ஸ் ஒரு பக்கம் உருகி வழிந்து, வீடே கருகின ரப்பர் நாற்றம். 16 ஆம்பியர் பாயிண்ட் இருக்கும் அறையிலேயே விருந்தாளியைப் படுக்கவையுங்கள். தூங்கப்போகும்போது அணைத்துவிடச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட வெந்நீர்ப் பைதான். படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு போர்வைக்குள் கால் பக்கம் வைத்துவிட்டால் போதும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். ஆனாலும் கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள். கொஞ்சம் ஆறவிட்டு, முக்கால் பை மட்டும் ஊற்றி, காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு மூடி, துண்டில் சுற்றுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுடுவதே தெரியாது. அவர்கள் படுக்கும்போது பையை எடுத்துவிட வேண்டும்.

காற்றே வராமல் எல்லாவற்றையும் அடைப்பதும் வேண்டாம். ஓர் அறையில் ஐந்து பேர் படுத்தால் காலையில் கண்ணாடியில் தண்ணீர் ஓடும். வென்டிலேட்டர் ஒன்று திறந்தே இருக்கட்டும்.

காலைக் குளியலுக்கு ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 15 லிட்டர் கீசரில் 60 டிகிரி வெந்நீர் இருந்தால், நம் குழாய்த் தண்ணீரைக் கலந்தபின் குளிக்கிற பதத்தில் 25 லிட்டர்தான் தேறும். தை மாதத் தண்ணீர் சும்மாவா! மறுபடி சூடாக அரை மணி நேரம் பிடிக்கும். ஆறு பேர் வந்திருக்கிறார்கள், எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றால் யார் எப்போது என்று ராத்திரியே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசி ஆள் மாப்பிள்ளையாகத்தான் இருப்பார்.

கழிப்பறை வெளியே இருக்கிற வீடுகளில் இன்னொன்று. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் காட்டுமாடும் கரடியும் ராத்திரி வீட்டுப்பக்கம் வருவது நமக்குப் பழகிய சங்கதி. புதிதாக வந்தவருக்கு எப்படித் தெரியும்? டார்ச்சைக் கையில் கொடுத்து, “தனியா போகாதீங்க, எங்களை எழுப்புங்க” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மிச்சச் சோற்றை வாசலில் வைக்காதீர்கள்.

சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு இ-பாஸை முன்பே ஞாபகப்படுத்துங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது உண்டு. வளைவு வளைவாக ஏறி, வயிற்றைப் பிரட்டிக்கொண்டு வருகிறவர்களை உடனே பிரியாணி முன் உட்காரவைக்காதீர்கள். சுக்குக் காபி போதும்.

மாமா கதை தனி. முதுகுக் குளிரும் இல்லை, கால் குளிரும் இல்லை, ஆனால் இரண்டு ராத்திரியும் தூங்கவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறார். “ஃபேன் சத்தம் இல்லாம எப்படிம்மா தூங்குறீங்க?” என்றார். எங்கள் வீட்டில் கூரையில் ஃபேன் மாட்டக் கொக்கிகூடக் கிடையாது. மூன்றாம் நாள், மாடியில் துணி காயவைக்க வைத்திருந்த டேபிள் ஃபேனைத் துடைத்துக் கொண்டுவந்து, சுவரைப் பார்த்துத் திருப்பிவைத்து ஓடவிட்டேன். வெளியே ஏழு டிகிரி. பத்து நிமிஷத்தில் மாமா குறட்டை.