ரெசிடென்சி தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் கலைஞர் வதிவிடம் (ரெசிடென்சி), அதாவது கலைஞர்கள் சில காலம் வந்து தங்கி வேலை செய்யும் இடம், நடத்த ஆசைப்படும் இளம் ஆட்கள் இப்போது நிறைய. தெஹிவளையில் ஒரு மாடி வீடு, மட்டக்குளியில் ஒரு பழைய களஞ்சியம் என்று இடம் பார்த்துவிட்டு, "புரொபோசலை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று எனக்கு அனுப்புகிறார்கள். எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் செய்த அதே பிழைகள், வரிசைகூட மாறாமல் இருக்கின்றன. சுவரொட்டி பிந்தியது, விண்ணப்பப் படிவம் குழப்பம் போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை இரண்டாம் முறையில் தானாகத் திருந்தும்.

இணைப்பாளருக்குச் சம்பளம் போடாத பட்ஜெட்

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஆகவே கொஞ்சம் நீட்டுகிறேன்.

அண்மையில் வெள்ளவத்தையில் ஒரு தங்கை லாப்டாப்பைத் திறந்து பட்ஜெட்டைக் காட்டினார். விமானச் சீட்டு, கலைஞருக்கான படி, கன்வஸ், கண்காட்சி, தடித்த தாளில் கெட்டலொக் எல்லாம் இருந்தன. இணைப்பாளர் என்ற வரிக்கு எதிரே "தன்னார்வம்". மொழிபெயர்ப்பாளர், அதுவும் தன்னார்வம். சமையல், "அம்மா". கரண்ட் பில்லுக்கு வரியே இல்லை.

"இதுக்கெல்லாம் காசு எங்க பிள்ளை?"

"அதையும் போட்டா டோனர் பயந்திடுவாங்க அக்கா. முதல் வருஷம்தானே, நாங்களே பாத்துக்கொள்ளுவம்."

முதல் வருடம் பார்த்துக்கொள்வார்கள்தான். இரண்டாம் வருடம், "போனமுறை இவ்வளவுக்குள் முடித்தீர்களே" என்று காசு கொடுக்கும் டோனர் கேட்பார். அவர் கேட்பதில் தவறில்லை, அந்த விலையைச் சொன்னது நாங்கள். நடுச்சாமத்தில் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஆள் எடுக்கப் போவது, கலைஞருக்கு டெங்கு என்றால் ஆஸ்பத்திரியில் காத்திருப்பது, மாநகரசபையிலிருந்து சிங்களத்தில் வரும் கடிதத்துக்குப் பதில் எழுதுவது எல்லாம் அந்த ஒரே ஆள். அவருக்கு ஒரு வங்கியில் வேலை கிடைத்த மாதம் வீடு பூட்டப்படும். கலைஞர்கள் வராமல் மூடிய ரெசிடென்சி ஒன்றையும் நான் பார்த்ததில்லை. இணைப்பாளர் களைத்து விலகியதால் மூடியவை பல.

கணக்கை இப்படிப் போடுங்கள். சம்பளம் 100,000 ரூபாய் என்றால், வேலை கொடுப்பவர் ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஈ.டி.எஃப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் மேலதிகமாகக் கட்ட வேண்டும். ஆக 115,000. வாடகை, தண்ணீர், இணையம், கூரை ஒழுக்கு, சமைக்கிறவர், மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் சேர்த்து வருடத்துக்குக் கூட்டுங்கள். உதாரணத்துக்கு 36 இலட்சம், அறை இரண்டு என்று வைப்போம். புதியவர்கள் அதை 24 அறை மாதங்களால் (இரண்டு அறை, பன்னிரண்டு மாதம்) பிரித்து, ஒரு கலைஞருக்கு மாதம் 150,000 என்று எழுதுகிறார்கள். சித்திரை விடுமுறை, திருத்த வேலை, கடைசி நேரத்தில் வராமல் விட்டவர் என்று கழித்துப் பார்த்தால் 15 அறை மாதம் நிரம்புவதே பெரிய காரியம். 15ஆல் பிரித்தால் 240,000. ஒவ்வொரு அறை மாதத்துக்கும் இடையிலுள்ள 90,000 அந்தத் தங்கையின் பையிலிருந்து போகும்.

மின்சாரத்தை மறப்பவர்கள் 2022இல் எந்த நாட்டில் இருந்தார்களோ. அந்த ஆகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம். பிறகு இறங்கியது, ஏறியது. இனியும் அப்படித்தான் ஆடும் என்று வைத்து எழுதுங்கள். வீட்டு மீட்டரில் மாதம் 180 அலகைத் தாண்டும் ஒவ்வொரு அலகுக்கும் ஆக உயர்ந்த விலை. விருந்தினர் அறையில் இரவு முழுக்க ஏ.சி. ஓடினால் அந்த எல்லை மாத நடுவிலேயே வந்துவிடும்.

டொலர் வீதமும் இதே கதை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதம் 360ஐத் தொட்டது. அந்த 360ஐ நம்பி அடுத்த பட்ஜெட்டை எழுதியவர்களுக்கு, ரூபாய் 300 பக்கம் திரும்பியதும் துண்டு விழுந்தது. வரவு வெளிநாட்டுக் காசு, செலவு ரூபாய் என்றால் மாற்று வீதத்தைக் குறைத்தே போடுங்கள். கடைசித் தவணை பெரும்பாலும் அறிக்கை கொடுத்த பிறகுதான் வரும். மூன்று மாதச் செலவு கையில் இல்லாமல் கதவைத் திறக்காதீர்கள்.

டோனர் பயப்படுவாரா? சிலர் பயப்படுவார்கள். நிர்வாகச் செலவுக்கு உச்சவரம்பு வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்களிடம் இணைப்பாளரின் வேலையை நிகழ்ச்சிச் செலவாகவே எழுதுங்கள், அவர் இல்லாமல் நிகழ்ச்சி ஏது? அதற்கும் சம்மதிக்காவிட்டால் ஒரு கலைஞரைக் குறையுங்கள். சம்பளத்தில் கை வைக்க வேண்டாம்.

வாய்ப்பேச்சில் வாடகை

எழுதுங்கள். இரண்டு வருடத்துக்குக் குறையாமல்.

சுற்றுலா விசாவில் கலைஞரைக் கூப்பிட்டு அவருடைய நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்பது

வேண்டாம்.

கொம்பனித்தெருவுக்குக் கமராவோடு போவது

"சமூகத்தோடு இணைந்த படைப்பு" என்று எழுதினால் நிதி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே வருகிற ஒவ்வொரு கலைஞரையும் கொம்பனித்தெரு, வனாத்தமுல்லை போன்ற, வசதி குறைந்தவர்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளுக்குக் கூட்டிப் போகிறார்கள். 2010இல் கொம்பனித்தெரு மியூஸ் வீதி வீடுகள் இடிக்கப்பட்டதைப் பற்றி அங்குள்ளவர்கள் எத்தனை ஒலிப்பதிவுக் கருவிகளுக்குச் சொல்லியிருப்பார்கள்? தமிழும் சிங்களமும் மலாயும் கேட்கிற தெருவுக்கு ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரை அனுப்பிவிட்டு, பக்கத்து வீட்டுப் பையனை மொழிபெயர்க்கச் சொல்வது இன்னும் மோசம். கதை சொல்கிறவருக்கு அவருடைய நேரத்துக்குக் காசு கொடுங்கள். முடிந்த வேலையைக் கேலரிக்குக் கொண்டுபோக முன் அந்தத் தெருவில் காட்டுங்கள். ஒரு மாதத்தில் இது முடியாது என்றால், அந்தக் கலைஞருக்கு அந்தத் திட்டம் வேண்டாம்.

வடிகாலில் டர்பன்டைன்

தூரிகை கழுவிய டர்பன்டைன், அதாவது எண்ணெய் வர்ணத்தைக் கரைக்கும் திரவம், சிங்க்கில் ஊற்றியதும் எங்கேயோ மறைந்துவிடாது. வெள்ளவத்தைப் பக்கம் என்றால் கால்வாய், பிறகு கடல். அழுக்கான டர்பன்டைனை மூடிய போத்தலில் சில நாள் அசையாமல் வையுங்கள். நிறம் அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை எடுத்துத் திரும்பப் பாவிக்கலாம். அடிக்கசடை மூடிய தகரத்தில் தனியாகச் சேர்த்து வையுங்கள், வீட்டுக் குப்பையோடு கலக்க வேண்டாம். 2017 ஏப்ரல் 14இல் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த நகரம் இது. வர்ணத்தோடு கலக்கும் லின்சீட் எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடுவது இன்னும் ஆபத்து, அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காய விடுங்கள்.

கடதாசியில் பூஞ்சணம் பிடிக்கிறது என்று ஸ்டூடியோ முழுவதற்கும் ஏ.சி. போடுகிறார்கள். பகலில் போட்டு இரவில் நிறுத்தினால் ஈரம் இன்னும் படியும். வேலை செய்யும் இடத்துக்குக் காற்றோட்டமும் விசிறியும் போதும். முடிந்த படைப்புகளுக்கு ஒரு சின்ன அறை, அதில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று.

இரண்டு வாரத்துக்கு விமானம்

ஐரோப்பாவிலிருந்து ஒருவர் கொழும்புக்கு வந்து திரும்பினால், அவருடைய பங்குக்குச் சேரும் கரியமிலவாயு ஏறத்தாழ ஒரு டன். ஓர் இலங்கையர் சராசரியாக ஒரு வருடம் முழுக்க வெளியிடுவதும் அவ்வளவுதான். நான்கு பேரை இரண்டு இரண்டு வாரம் கூப்பிடுவதை விட்டு ஒருவரை இரண்டு மாதம் வைத்திருங்கள். விமானச் சீட்டில் மிஞ்சும் காசுக்கு, ரயிலில் வந்து கோட்டை நிலையத்தில் இறங்கக்கூடியவர்களைக் கூப்பிடலாம். மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்துவிட்டு, வேலை செய்ய ஒரு ஸ்டூடியோ இல்லாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஹட்டனிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரயில் சீட்டோடு, ஊரில் விட்டுவரும் மாத வருமானத்துக்கும் ஒரு தொகை வையுங்கள். வெளிநாட்டவருக்குப் படி, உள்ளூர்க்காரருக்குக் "கட்டிலும் சாப்பாடும் இலவசம்" என்று எழுதிய புரொபோசல் ஒன்று போன கிழமையும் வந்தது. வாசிக்காமலே திருப்பி அனுப்பினேன்.