றம்பொடை எங்கே நிற்க வேண்டும்? டேட்டாபேஸில் பெயர் தேடலும் வரிசையும்

இலங்கைத் தோட்டத்துப் பெயர்ப் பதிவில் பெரிய எழுத்து, சின்ன எழுத்துச் சண்டை முதலில் வருவது அடையாள அட்டை இலக்கத்தில்தான். பழைய அட்டையில் 9 இலக்கம், பின்னால் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என்ற ஆங்கில எழுத்து. ஒருவர் பெரிதாக அடிப்பார், மற்றவர் சிறிதாக. ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு விழும். 2016 முதல் வரும் 12 இலக்க அட்டையில் எழுத்தே இல்லை. சேமிக்கும்போதே பெரிய எழுத்தாக்கி, ஒரே இலக்கம் இரண்டு முறை விழாமல் தடுக்கும் யுனீக் இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) போட்டால் போதும். தேடும்போது மட்டும் லோவர் (எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கும் கட்டளை) போட்டால் சாதாரண இன்டெக்ஸ் உதவாது. லோவர் போட்ட வடிவத்துக்கே இன்டெக்ஸ் வேண்டும்.

தமிழில் சிக்கல் வேறு. ‘கொட்டகலை’யின் முதலெழுத்தில் உள்ள குறி யூனிகோடில் ஒன்றாகவும் வரலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஒப்பிட்டால் பொருந்தாது. சேமிக்குமுன், இவற்றை ஒரே குறியாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் 13ஆம் பதிப்பு முதல் இதற்கு நோர்மலைஸ் என்ற கட்டளை உண்டு.

‘கௌரி’யைக் கொம்பும் ‘ள’வும் சேர்த்து அடித்திருந்தால் என்எஃப்சி கைகொடுக்காது. கொம்புக்குப் பின் ‘ள’ வரும் இடமெல்லாம் மாற்றிவிடலாம் என்று கிளம்பாதீர்கள், ‘வெள்ளையன்’ சிதைந்துபோவார். பட்டியல் எடுத்துக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

அடுத்தது வரிசை. யூனிகோட் எண்படி அடுக்கினால் ராகலை, றம்பொடை, லிந்துலை, வட்டவளை என்று வரும். அகராதி வரிசையில் ‘ற’ ‘ள’வுக்குப் பின், றம்பொடை வட்டவளைக்கும் கீழே போகும். (‘ர’, ‘ற’ குழம்புகிறவர்களுக்கு முதல் வரிசைதான் வசதி, அது வேறு கதை.) ‘ன’வும் அப்படித்தான்: கந்தையா, கபிலன், கமலா, கனகா என்பதே சரி, எண்படி அடுக்கினால் கனகா கபிலனை முந்திவிடுவார். போஸ்ட்கிரெஸில் வரிசைப்படுத்தும் ஓடர் பை-யோடு, ஐசியு என்ற யூனிகோட் நிரல் நூலகத்தின் தமிழ் கொலேஷனை (வரிசை, ஒப்பீட்டு விதிகளை) குறிப்பிட்டு, இந்த எட்டுப் பெயரையும் ஓட்டிப் பாருங்கள்.

ஆங்கிலப் பெயர்க் கொலத்தில் (நிரலில்) பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகப் பார்க்க, ஐசியு கொலேஷன் ஒன்றை, எழுத்து அளவைக் கணக்கில் எடுக்காத லெவல் 2இல், டிட்டர்மினிஸ்டிக் இல்லாமல் (வெவ்வேறாக அடித்ததையும் சமமாக ஏற்கும்படி) உருவாக்கலாம். போஸ்ட்கிரெஸ் பதிப்பு 12 முதல் முடியும். ஆனால் 18க்கு முந்தியவற்றில் அந்தக் கொலத்தில் லைக் தேடல் (பெயரின் ஒரு பகுதியை வைத்துத் தேடுவது) பிழை காட்டும்.

சேர்வரின் லினக்ஸை மாற்றும்போதும் கவனம். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28ஆம் பதிப்பில் வரிசை விதிகள் பெரிதாக மாறின. பழைய விதியில் கட்டிய இன்டெக்ஸ் அப்படியே கிடந்தால், இருக்கிற ஆளையே இல்லை என்று சொல்லும். மாற்றியதும் எழுத்துக் கொலங்களின் இன்டெக்ஸ் எல்லாவற்றுக்கும், அவற்றைப் புதிதாகக் கட்டும் ரீஇன்டெக்ஸ் கட்டளையை ஓட்டுங்கள்.